மலை ஏற ஏற உயிரினங்கள் குறையுமா, கூடுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து, விலங்கியல் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மலையில் உயரம் கூடக் கூட உயிரினப் பன்மை குறையும் என்று பள்ளியில் படித்தேன். கல்லூரியில் நடு உயரத்தில்தான் அதிகம் என்கிறார்கள். எது சரி? மலையே இல்லாத வட சென்னையில் இருந்துகொண்டு இதை எப்படிப் புரிந்துகொள்வது?”

இரண்டும் நடக்கிறது, தம்பி. எந்த உயரத்தில் எத்தனை இனங்கள் என்று காட்ட ஒரே ஒரு கோட்டை வரைந்து இதுதான் விதி என்று மனப்பாடம் செய்யப் போனால்தான் குழப்பம். எந்த உயிரினத்தை எண்ணுகிறோம், அந்த மலையின் அடிவாரம் ஈரமா வறட்சியா, அடிவாரத்தில் காடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

மேலே போகும்போது முதலில் மாறுவது வெப்பம். சராசரியாக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ராயபுரத்தில் 32 டிகிரி இருக்கும் நாளில், சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் பதினேழு, பதினெட்டு டிகிரி இருக்கும் என்று இந்தக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். காற்றழுத்தமும் குறையும், 5500 மீட்டர் வாக்கில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஆனால் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2695 மீட்டர்தான் என்பதால், நம் மலைகளில் அது பெரிய விஷயம் இல்லை. இங்கே பெரிய விஷயம் தண்ணீர். வெப்பம் ஏறக்குறைய நேர்கோடாக இறங்கும், ஈரம் அப்படி இறங்காது. ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மேகமாகத் திரண்டு, அந்தப் பட்டையில் மழையாகவும் மூடுபனியாகவும் இறங்குகிறது. மிக உயரமான மலைகளில் அந்தப் பட்டைக்கு மேலே மறுபடியும் வறட்சி.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கே உயரம் சுமார் 326 மீட்டர். மலை ரயில் அங்கிருந்து 46 கிலோமீட்டர் ஓடி, 2200 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள உதகை நிலையத்தில் நிற்கிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்காமல் வந்தால் போதும், காடு மாறுவது கண்ணுக்கே தெரியும். கீழே சமவெளியில் முள்மரங்களும் வறண்ட புதர்களும். கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கியதும் இலையுதிர்காடு, ஓடையோரங்களில் மட்டும் அடர்ந்த பச்சை. குன்னூரை நெருங்கும்போது மரத்தண்டுகளில் பாசியும் பெரணியும் தொற்றிக்கொள்கின்றன. உதகையைச் சுற்றி, தேயிலையும் யூகலிப்டஸும் விட்டுவைத்த இடங்களில், குட்டையான சோலை மரங்களும் புல்வெளியும். அடிவாரத்தில் வெப்பம் தாராளம், தண்ணீர் பற்றாக்குறை. உச்சியில் தண்ணீர் உண்டு, வெப்பம் போதாது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனியே விழுந்து மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். இடைப்பட்ட உயரத்தில்தான் இரண்டும் ஓரளவு சேர்கின்றன. இப்படிப்பட்ட சரிவில் நடு உயரத்தில் அதிக இனங்கள் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

அதே மலையின் மேற்குப் பக்கம் கதையே வேறு. அங்கே தென்மேற்குப் பருவமழை நேராக மோதுகிறது. அடிவாரத்திலேயே வெப்பமும் உண்டு, மழையும் உண்டு, பசுமைமாறாக் காடும் உண்டு. அந்தப் பக்கம் ஏறினால் பல உயிரினக் குழுக்களுக்குக் கோடு கீழிருந்தே சரியத் தொடங்கலாம். உங்கள் பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் ஒரே மலையின் இரண்டு பக்கங்களில் வைத்துவிடலாம் என்கிறேன்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. கிறிஸ்டி மெக்கெய்ன் என்ற ஆய்வாளர் உலகம் முழுவதும் பல மலைகளில் எடுத்த பறவைக் கணக்குகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்டார். ஈரமான மலைகளில் பறவை இனங்கள் கீழே அதிகமாக இருந்து மேலே குறைந்தன, அல்லது கீழ்ப்பகுதியில் கொஞ்ச தூரம் சமமாக நீடித்துப் பிறகு சரிந்தன. அடிவாரம் வறண்ட மலைகளில் நடுவில் மேடு கட்டியது. வெப்பத்தையும் நீரையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வேறுபாடு பிடிபடுகிறது என்பது அவருடைய முடிவு. அதற்கு முன்பே, 1995இல், டென்மார்க்கின் கார்ஸ்டன் ராபெக் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஏறக்குறைய பாதியில் நடு உயரத்தில்தான் உச்சம் இருக்கிறது என்று காட்டியிருந்தார். மேலே போகப் போகக் குறையும் என்ற பொதுவிதி, ஒரு சில ஆய்வுகளை வைத்தே பாடப்புத்தகங்களில் பரவிவிட்டது என்பதும் அதில் வெளிப்பட்டது.

அப்புறம், எந்த உயிரினம் என்ற கேள்வி. பல்லி, பாம்பு போன்றவை உடல் சூட்டை வெளியிலிருந்து பெறுபவை. குளிர் கூடினால் அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் நேராகச் சரியும். எறும்புகளும் குளிர்ந்த, நனைந்த உயர்மலைக் காட்டில் வெகுவாகக் குறைந்துவிடும். பெரணிகளுக்கு ஈரம்தான் உயிர். நேபாள இமயத்தில் அவை சுமார் 2000 மீட்டரில் உச்சம் தொடுகின்றன. அதே நேபாளத்தில் பூக்கும் தாவரங்கள் மொத்தமாக 1500 முதல் 2500 மீட்டர் வரையான பட்டையில் செழிக்க, அந்த நாட்டுக்கு மட்டுமே உரிய தாவரங்கள் 4000 மீட்டர் வாக்கில்தான் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகளையும் சொல்ல வேண்டும். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வந்துவிடும். குளம், குட்டை தேவையில்லை, ஈரமான இலைச்சருகும் புதரும் இருந்தால் போதும். மூடுபனி தங்கும் மலைக்காடு அதற்கு வாட்டமான இடம். எறும்பை எண்ணியவரும் புதர்த் தவளையை எண்ணியவரும் ஒரே பாதையில் ஏறி வந்து வேறு வேறு படம் வரைந்தால், இருவரில் யாரும் தப்பில்லை.

எல்லாக் குழுக்களையும் ஒரே மலையில் சேர்த்து எண்ணினால்? கிளிமஞ்சாரோவில் அதைச் செய்தார்கள். ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் உயர வேறுபாட்டில் தாவரங்களும் விலங்குகளுமாக 25 குழுக்கள். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் தனித்தனிக் குழுக்கள் தனித்தனி வடிவம் காட்டின. ஆனால் குழுக்களைச் சேர்க்கச் சேர்க்க, மொத்தப் பன்மையை விளக்குவதில் வெப்பத்தின் கை ஓங்கியது. ஒவ்வொரு குழுவும் தன் சொந்தக் காரணங்களுக்காக அங்குமிங்கும் வளைகிறது, எல்லாவற்றையும் கூட்டினால் குளிர் தன் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. நான் படித்த மலை ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி, இயற்கைக் காரணம் எதுவும் இல்லாமலேயே நடுவில் மேடு கட்டக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் எந்த நிலையத்தில் வேண்டுமானாலும் ஏறி, எங்கே வேண்டுமானாலும் இறங்கட்டும். யாருக்கும் எந்த ஊர்மீதும் தனி விருப்பம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பாதையின் நடுப்பகுதியில்தான் பெட்டியில் நெரிசல் அதிகமாக இருக்கும், ஏனென்றால் இரு முனைகளையும் தாண்டி யாரும் பயணம் செய்ய முடியாது. மலைக்கும் அடிவாரம் ஒரு முனை, உச்சி ஒரு முனை. ஒவ்வொரு இனமும் வாழும் உயர வீச்சை இந்த இரண்டுக்குள் கண்மூடித்தனமாகப் போட்டாலும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் படியும். இதை ராபர்ட் கோல்வெல் போன்றவர்கள் 1990களில் முன்வைத்தார்கள், பெரிய விவாதம் நடந்தது. சில மலைகளில் பொருந்துகிறது, பல மலைகளில் உச்சம் நடுவுக்குச் சற்றுக் கீழே அல்லது மேலே விலகி நிற்கிறது. என்னைக் கேட்டால் இதை முடிவாக வைத்துக்கொள்ளாமல் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது. இந்த வெறும் கணக்கிலிருந்து நிஜம் எவ்வளவு விலகுகிறதோ அங்கேதான் வெப்பம், நீர், வரலாறு எல்லாம் வேலை செய்கின்றன.

கணக்கெடுக்கும் முறையும் ஏமாற்றும். ஒரு பறவையை 500 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் பார்த்தோம் என்றால், நடுவே 1000 மீட்டரில் பார்க்காவிட்டாலும் அது அங்கே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எண்ணுவது வழக்கம். நடு உயரங்களுக்கு இப்படி இனாமாக எண்ணிக்கை சேரும், இரு முனைகளுக்கும் சேராது. சாலை போகும் இடத்தில் பத்து நாள், சாலை இல்லாத உச்சியில் ஒரு காலை என்று தேடினாலும் படம் கோணிவிடும்.

பரப்பைப் பற்றிப் பலரும் சொல்வது, மலை கூம்பு வடிவம், மேலே போனால் இடம் குறையும், இடம் குறைந்தால் இனமும் குறையும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 2015இல் உலகின் 182 மலைத்தொடர்களை அளந்து பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அப்படிச் சீராகக் குறுகிக்கொண்டே போனது. நீலகிரியே கூம்பு கிடையாது. செங்குத்தான சரிவு ஏறியதும் மேலே அகன்ற பீடபூமி.

எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒரு குறையாகவே தெரிகிறது. உச்சியில் இனங்கள் குறைவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அங்கே இருப்பவை பல வேறெங்கும் இல்லாதவை. சோலைக்காடுகளில் சிரிப்பான் என்றொரு பறவை உண்டு. நீலகிரியில் ஒரு இனம்; பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இன்னொன்று; செங்கோட்டைக் கணவாயையும் தாண்டினால் மூன்றாவது. கணவாயின் சூடான தாழ்நிலம் அவற்றுக்குக் கடல் மாதிரி. கடக்க முடியாமல், நெடுங்காலம் பிரிந்து கிடந்து, வேறு வேறாக ஆகிவிட்டன. 1967இல் டேனியல் ஜான்சென் என்ற சூழலியலாளர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். வெப்பமண்டலத்தில் அடிவாரத்தின் குளிர்ந்த நாளும் உச்சியின் சூடான நாளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. குளிர்நாடுகளில் கோடையும் பனிக்காலமும் மாறி மாறி வருவதால் அங்குள்ள உயிரினங்கள் அகன்ற வெப்ப வீச்சுக்குப் பழகியவை. நம்முடையவை குறுகிய வீச்சுக்குப் பழகியவை. அதனால் ஒரே உயரமுள்ள கணவாயோ மலையோ இங்கே வாழும் உயிருக்குக் கடக்க இன்னும் கடினம். நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவையும் வரையாடும் உயர்ந்த புல்வெளிகளோடு கட்டுண்டு கிடப்பதற்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கலாம்.

சரி, இப்போது அந்த மூன்றாவது கேள்வி. அடிவாரத்தில் என்ன மிச்சம்?

நெல்லும் வாழையும் ரப்பரும் ஊர்களும் முதலில் பிடித்த இடம் தாழ்நிலம். தண்ணீர் தேங்கும், மண் ஆழம், போக்குவரத்து எளிது. அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையானாலும் இமயமானாலும், முழுமையான காடு பல இடங்களில் பல நூறு மீட்டர் உயரத்துக்கு மேல்தான் தொடங்குகிறது. ஆய்வாளர் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார், அல்லது கீழே தோட்டத்தில் எண்ணிவிட்டுக் குறைவு என்று எழுதுகிறார். நடுவில் மேடு தெரிகிறது. அந்த மேட்டில் எவ்வளவு இயற்கையுடையது, எவ்வளவு கோடாரியுடையது? இதைப் பிரித்துச் சொல்வது மிகக் கடினம், ஏனென்றால் கீழே இருந்த காடு எண்ணப்படுவதற்கு முன்பே போய்விட்டது.

அந்தக் கீழ்முனையில்தான் நாம் குடியிருக்கிறோம், தம்பி. திருவொற்றியூரும் மணலியும் எண்ணூரும் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான். சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்தது வறண்ட பசுமைமாறாக் காடு. மழை குறைவு, இருந்தும் ஆண்டு முழுவதும் இலை உதிராத, உயரம் குறைந்த, தடித்த இலைகள் கொண்ட காடு. இன்று கோயில்காடுகளாகவும் துண்டுகளாகவும்தான் பார்க்க முடியும். நமக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா தீவில் அது பெரிய அளவில் பிழைத்திருக்கிறது, ராக்கெட் தளம் என்பதால் யாரும் உள்ளே நுழைந்து வெட்டவில்லை. எண்ணூர் கழிமுகத்தின் சதுப்புநிலக் காடும் இதே கீழ்முனையின் பகுதிதான். பல்லுயிர் என்றாலே கொடைக்கானல், வால்பாறை என்று பேசும்போது, பூஜ்ஜிய மீட்டரில் இருந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அது வலிக்கிறது. கோட்டின் ஒரு முனையை அழித்துவிட்டு, மீதியின் வடிவத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

வட சென்னையிலிருந்து எப்படிப் புரிந்துகொள்வது என்ற பகுதிக்கு வருகிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் கடற்கரைச் சாலை நெடுக அலையைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள், தூண்டில் வளைவுகளும் போட்டிருக்கிறார்கள். கடல்நீர் இறங்கியிருக்கும் வற்ற நேரத்தில் அந்தக் கற்களைக் கவனியுங்கள். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான், ஆனால் அந்த ஒரு மீட்டருக்குள் பட்டை பட்டையாக உயிர்கள் மாறும். சாரல் மட்டும் படும் மேல்பகுதியில் சின்னஞ்சிறு நத்தைகள். அதற்குக் கீழே, படகின் அடியில் ஒட்டுமே அந்தக் கொட்டலசு. இன்னும் கீழே பச்சைச் சிப்பியும் பாசியும், இடுக்குகளில் நண்டும் புழுக்களும். எப்போதும் நனைந்திருக்கும் அடிப்பகுதியில் இனங்கள் அதிகம், வெயிலில் காயும் மேல்பகுதியில் தாக்குப்பிடிப்பவை சிலவே.

ஜோசப் கானல் என்பவர் 1961இல் ஸ்காட்லாந்தின் கடற்பாறையில் இரண்டு வகைக் கொட்டலசுகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். மேல்பட்டையில் வாழும் வகை கீழேயும் வாழக்கூடியதுதான். பெரிய வகை அதை நெருக்கித் தள்ளுவதால்தான் கீழே இல்லை. பெரிய வகையை அகற்றியதும் அது கீழேயும் பிழைத்தது. பெரிய வகை மேலே வராததற்குக் காரணம், அங்கே வெயிலில் காய்ந்துபோவது. மேல் எல்லையைத் தட்பவெப்பமும், கீழ் எல்லையைப் போட்டியும் எதிரிகளும் வகுக்கின்றன என்ற இந்தச் சிந்தனையை மலை ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். மலையில் இப்படி அகற்றிப் பார்ப்பது லேசில் நடக்காது. கல்லில் உங்களால் மாதாமாதம் பார்க்க முடியும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. ஒரு பட்டையில் உயிர்கள் குறைவாக இருந்தால் உயரம்தான் காரணம் என்று உடனே எழுதிவிட வேண்டாம்.

பூமி சூடாவதைச் சொல்லாமல் விட முடியாது. வெப்பம் கூடும்போது உயிரினங்கள் தங்களுக்குப் பழகிய குளிரைத் தேடி மேலே நகர்கின்றன. ஐரோப்பாவில் 302 மலையுச்சிகளின் பழைய, புதிய தாவரக் கணக்குகளை ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான உச்சிகளில் இனங்கள் கூடியிருந்தன. பன்மை கூடியது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கூடியவை கீழேயிருந்து ஏறி வந்தவை, அவற்றோடு போட்டிபோட முடியாத உச்சிச் செடிகளுக்கு அதற்கு மேல் போக இடமில்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, பெரு நாட்டின் ஒரு மலைமுகட்டில் 1985இல் எடுத்த பறவைக் கணக்கை 2017இல் திரும்ப எடுத்தது. முகட்டில் மட்டுமே வாழ்ந்த பறவைகளில் சில கண்ணிலேயே படவில்லை. உச்சியில் இப்படி என்றால், ஏற்கெனவே வெப்பம் உச்சத்தில் இருக்கும் தாழ்நிலத்திலிருந்து மேலே நகர்ந்துபோகும் இனங்களின் இடத்தை நிரப்ப, அதைவிடச் சூடான இடத்திலிருந்து வருவதற்கு யாரும் இல்லை. இந்தக் கவலையையும் கோல்வெல் குழுவினர் 2008லேயே எழுதிவிட்டார்கள்.

நேரில் ஒரு மலையில் செய்து பார்க்க ஆசை இருந்தால் ஏற்காடு போதும். சேலத்தில் இறங்கினால் அடிவாரம் பக்கம், மேலே சுமார் 1500 மீட்டர். ஒரே ஒரு குழுவை எடுங்கள், பறவை என்றால் பறவை. 200 மீட்டருக்கு ஒரு இடம் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் அதே நேர அளவு நின்று எண்ணுங்கள். அடிவாரத்தை விடியலிலும் உச்சியை நண்பகலிலும் எண்ணினால் பயனில்லை, அதனால் அடுத்த நாள் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அது காடா, காப்பித் தோட்டமா, ஊரா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். எதுவுமே தென்படாத இடத்தையும் பூஜ்ஜியம் என்று எழுத வேண்டும், விட்டுவிடக் கூடாது. சாலையோரத்திலேயே நின்று இவ்வளவும் செய்யலாம். காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். காட்டெருமை நடமாட்டம் இருக்கும், ஆகவே தனியாகப் போகாமல் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.